கல்லாமைக்கு ஓர் இடம்

அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் நின்றால் அக்கா, முதுகு திரும்பினால் சிவப்புப் பேனா. மருந்துப் பெட்டிகளுக்குள் எட்டாக மடித்துச் செருகுகிற பொடியெழுத்துத் தாள்களை, அச்சுக்குப் போகும் முன் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே உருப்பெருக்கிக் கண்ணாடி. 'அரை மாத்திரை' என்பது 'ஆறு மாத்திரை' ஆகி வெளியே போய்விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு எப்போதும் அவள் பிடரியில் உட்கார்ந்திருக்கும். அதனால் எதையும் முதல் தடவை படித்ததும் நம்ப மாட்டாள். இரண்டாம் தடவை படிக்கும்போது இன்னும் கொஞ்சம் குறைவாக நம்புவாள்.

வீட்டிலும் அதே கதைதான். "உப்புப் போட்டாச்சுன்னு நான் சத்தியம் பண்ணினாலும் நீ நாக்குல வைச்சுப் பார்த்துட்டுத்தான் நம்புவ" என்பார் அவள் கணவர். பேருந்து ஓட்டுபவர். பொறுமைசாலி.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியமும் இருந்தது. கைபேசியில் ஆடுகிற 'பூதக்களம்'. முட்டையிலிருந்து ஒரு பூதத்தைப் பொரிக்கவைத்து, வளர்த்து, அடுத்தவர் பூதத்தோடு மோதவிடுகிற ஆட்டம். பூதம் வளர இரண்டு வழி உண்டு. சண்டை போட்டு வளரலாம். அல்லது கைபேசியை வைத்துக்கொண்டு நாம் நடக்க நடக்க, அந்த அடிக்கணக்கில் வளரலாம். வருஷா வருஷம் ஊரிலுள்ள வேலையிடங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். ஒரு அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு பூதம், ஆக மொத்தம் ஆறு. அச்சக அணிக்கு அவள்தான் தலைவி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த அணியில் இயந்திரம் ஓட்டுகிற ஒருவன் இருந்தான். அவன் கொண்டுவந்த பூதம் மலை மாதிரி இருந்தது. கால் இறுதியில் ஜெயித்து எழுந்து நின்ற நேரத்தில் நடுவர் வந்து மேசையைத் தட்டினார். அது 'ஊஞ்சல் பூதம்'. அதாவது, கைபேசியை ஓர் ஆடும் இயந்திரத்தில் கட்டிவிட்டு, ஆள் நடக்காமலே அடிக்கணக்கை ஏற்றிக்கொண்டது. ஒரு பூதம் ஊஞ்சல் என்று தெரிந்தால் முழு அணியும் வெளியே. அரங்கமே பார்க்க, மூன்று பேரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். படிவத்தில் தலைவி என்று கையெழுத்துப் போட்டிருந்தவள் அவள். பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் தன் அணிக்குள்ளேயே ஒரு பிழையைத் தவறவிட்டாள் என்று அச்சகத்தில் ஒரு மாதம் சிரிப்பு ஓயவில்லை. போன வருஷம் அவள் அணியே சேர்க்கவில்லை.

இந்த வருஷம் பைண்டர் அண்ணன் விடவில்லை. மடிக்கிற இயந்திரத்துக்கும் பசை வாளிக்கும் நடுவில் முப்பது வருஷம் கழித்தவர். வாய் மட்டும் பசையில் ஒட்டாதது.

"தங்கச்சி, மூணாவது ஆள் கிடைச்சாச்சு" என்றார் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். "நம்ம ஸ்டோர் பொண்ணு. அதுகிட்ட ஒரு ஆமை இருக்கு பாரு, நூறாம் படி!"

ஸ்டோரில் காகிதக்கட்டும் மை டப்பாவும் எடுத்துக் கொடுக்கிறவள் நாலு மாதத்துக்கு முன்புதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கேட்டதைக் கொடுப்பாள், கேட்காததைப் பேச மாட்டாள். நூறாம் படி என்பது உச்சப் படி; அதைத் தொட்டதும் அடிக்கணக்கு நின்றுவிடும். சிவப்புப் பேனாவே பத்து வருஷமாக ஆடியும் அவளுடைய கரியோநாய் எண்பத்தெட்டில்தான் நின்றது. நேற்று வந்தவளிடம் நூறா? அவளுக்குப் பாதிச் சாப்பாடு அப்போதே இறங்கவில்லை.

"போனைக் கொஞ்சம் காட்டு பார்ப்போம்" என்றாள்.

ஸ்டோர் பெண் மறுப்பேதும் சொல்லாமல் கைபேசியை நீட்டினாள். திரையில் பாசி படிந்த கல் ஒன்று மெதுவாகக் கண்ணைத் திறந்து பார்த்தது. கல்லோட்டு ஆமை. ஆட்டத்தில் அதற்குப் பெயர் 'கல்லாமை'.

"பேரே கல்லாமை" என்று சிரித்தார் பைண்டர் அண்ணன். "பள்ளிக்கூடப் பக்கம் போகாதது போல."

அவள் சிரிக்கவில்லை. பூதத்தின் பிறப்புக் குறிப்பைத் திறந்து, தாள் படிப்பதைப் போல வரிவரியாகப் படித்தாள். படி நூறு. உயிர்ப்புள்ளி தொள்ளாயிரம், வேறெந்தப் பூதத்துக்கும் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. நடந்த அடி ஐம்பத்தெட்டு லட்சம். போட்ட சண்டை: பூஜ்யம். நடந்த இடம் என்ற வரியைத் தொட்டதும் வரைபடம் விரிந்தது. தெருத்தெருவாகக் கோடு ஓடியிருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி.

அவள் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புள்ளியாகவே இருந்தது.

"இத்தனை அடி எங்க நடந்த?"

"வீட்டுல அக்கா."

"ஐம்பத்தெட்டு லட்சம் அடி. வீட்டுக்குள்ளயா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்லை, ஒரு கோபம்கூட இல்லை. பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்த இயந்திரக்காரனும் இப்படித்தான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். 'நடந்தேன்' என்றான். சூடு கண்ட பூனை அடுப்படியை நாடாது.

"இங்க பாரு" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். மடிப்பு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊஞ்சல்னா இப்பவே சொல்லிடு. அங்க வந்து மானம் போறதைவிட இங்க சொல்லிட்டா நல்லது. சண்டையே போடாம, வீட்டை விட்டே போகாம ஒரு பூதம் நூறாம் படிக்கு வருதுன்னா, காதுல பூச்சுத்தறதுக்கு வேற ஆளைப் பாரு."

ஸ்டோர் பெண் கைபேசியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"உங்க ஓநாய் இருநூத்திப் பன்னிரண்டு சண்டை போட்டிருக்கு. ஒண்ணுல கூடத் தோக்கல. அது எப்படின்னு நான் கேட்டேனா அக்கா?"

பைண்டர் அண்ணன் மட்டும் 'ஓ' என்று சிரித்தார். அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் அவருக்குத் தெரியாது. சிவப்புப் பேனாவுக்குத் தெரியும். சண்டை கைமீறுகிறது என்று தெரிந்த கணத்தில் அவள் கைபேசியின் இணையத்தைத் துண்டித்துவிடுவாள். அப்படிச் செய்தால் 'சண்டை ரத்து' என்று போகுமே தவிர, தோல்வி என்று பதிவாகாது. விதியில் அது குற்றமில்லைதான். ஆனாலும் கணவருக்குக்கூட அவள் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்து கேட்டாளா, சும்மா எறிந்த கல்லா? அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரே தாளை நான்கு தடவை படித்தாள்.

மறுநாள் ஸ்டோர் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"பேசின பேச்சு அப்படி" என்றார் பைண்டர் அண்ணன், மை டப்பாவைத் தானே தேடி எடுத்துக்கொண்டு. "பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பியிருக்கு. காய்ச்சல் பிள்ளைக்கா தாய்க்கா, யாருக்குத் தெரியும்?"

"நிஜமா இருந்தா கோபப்பட்டிருக்கணும்ல அண்ணே? ஓடி ஒளிவானேன்?"

"நீ கோபப்பட்டாலும் சந்தேகப்படுவ, படாட்டியும் சந்தேகப்படுவ. படிவத்துல மூணு கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள குடுத்தாகணும். சொல்லிட்டேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். ஓநாய் விஷயத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள். அவர் சீருடைச் சட்டையை நாற்காலியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கண்ணால காண்பதும் பொய்ம்பாங்க. நீ காணாமலேயே பொய்ங்கற. போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"பார்த்தா மட்டும்? ஊஞ்சலை ஒளிச்சு வைச்சிருந்தா?"

"அப்ப கட்டிலுக்கு அடியிலும் குனிஞ்சு பாரு. உனக்கு அது புதுசா?"

மறுநாள் வேலை முடிந்ததும் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கையெழுத்து வாங்கத்தான் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு முழுக்க வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் இயந்திரம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? அலமாரிக்குள் அடங்குமா?

நாலாவது மாடி. கைப்பிடிக் கம்பியெல்லாம் ஈரத்துணி. கதவைத் திறந்த ஸ்டோர் பெண் ஆச்சரியப்படவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "வாங்க அக்கா" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

ஒற்றை அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில், நடுவில் கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே பதினோரு அடி இருக்கும். கட்டிலில் மூன்று வயதுப் பெண் குழந்தை நெற்றியில் ஈரத்துணியோடு படுத்துக்கொண்டு, வந்தவளை ஒரு கண்ணால் பார்த்தது. காய்ச்சல் பொய்யில்லை. சரி, அது ஒன்று.

பிறகு அவள் கண் அலமாரியின் மேல் தட்டில் போய் நின்றது. கம்பிச் சட்டம் ஒன்று. அதன் தலையில் உள்ளங்கையளவு மோட்டார். மோட்டாரிலிருந்து தொங்குகிற வில்சுருள். மின்தொட்டில். போட்டுவிட்டால் தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிற சாமான்.

அகப்பட்டது என்று நெஞ்சு குதித்தது.

"அது என்ன?" என்றாள், தெரியாதவளைப் போல.

ஸ்டோர் பெண் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. "தொட்டில். மூணு நாள் ஓடிச்சு. இவ அதுல படுக்க மாட்டேன்னுட்டா. தோள்ல போட்டு நடந்தாத்தான் தூங்குவா. நின்னா முழிச்சுக்குவா. ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சது, ரெண்டே கால் வயசு வரைக்கும்."

"போன் எதுக்கு?"

"அதுல மழைச் சத்தம் ஓடும். அதுவும் வேணும் மகாராணிக்கு. இடுப்புத் துணியில சொருகிக்குவேன். அப்பல்லாம் இந்தப் போன் வீட்டை விட்டு வெளிய போனதே இல்ல. இவங்க அப்பா மீன் உறைய வைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனார், ரொம்பத் தூரம். போறப்ப இந்த ஆட்டத்தைப் போன்ல போட்டு முட்டையைக் காட்டி, 'ரெண்டு பிள்ளையையும் பார்த்துக்க'ன்னு சிரிச்சுட்டுப் போனார். நான் அதைத் தொட்டதுகூட இல்ல. நான் பாட்டுக்கு நடந்தேன், அது பாட்டுக்கு வளர்ந்தது."

கதை அழகாகத்தான் இருந்தது. அழகாக இருப்பதுதான் சிவப்புப் பேனாவுக்கு உறுத்தியது. குனிந்தாள். தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பில் நீலப் பூக்கள். கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரு முழ அகலத்துக்குப் பூவே இல்லை, தேய்ந்து வெளுத்துப்போயிருந்தது. நாற்காலி இழுத்தால்கூட இப்படித் தேயுமே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரல் அவளுக்கே அலுப்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"நாள் வாரியா நடைப் பதிவு இருக்கும்ல. அதைப் பார்க்கலாமா?"

ஸ்டோர் பெண் கைபேசியை அவள் கையில் வைத்தாள். "எல்லாத்தையும் பாருங்க. நான் இவளுக்கு மருந்து குடுத்துட்டு வரேன்."

அவள் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். இருபத்தைந்து மாதம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பதுவரை எண்கள். வேறு யாராக இருந்தாலும் பத்து வரியில் கண் சொக்கியிருக்கும். அவளுக்கு இது தினசரிச் சோறு. இயந்திரம் என்றால் ஒரே தாளம் இருக்கும், அதைத்தான் தேடினாள். கிடைக்கவில்லை.

நாற்பது நிமிஷம் நடை. நாலு நிமிஷம் இல்லை. மறுபடி முப்பது நிமிஷம். ரெண்டு நிமிஷம் இல்லை. மறுபடி ஒரு மணி நேரம். படுக்கவைத்திருக்கிறாள், பிள்ளை விழித்திருக்கிறது, மறுபடி தூக்கியிருக்கிறாள். முதல் மாதங்களில் நிமிஷத்துக்கு எழுபத்துநாலு அடி. பிள்ளை கனக்கக் கனக்க எழுபது, அறுபத்தாறு. ஒரு மாதத்தின் நடுவில் பன்னிரண்டு நாள் மட்டும் எல்லாம் மாறியிருந்தது. ஐம்பத்தெட்டு அடிதான், ஆனால் ஒரு நிறுத்தம்கூட இல்லாத நீண்ட நடை. ஒரே கட்டுரைக்குள் இன்னொருவர் கையெழுத்து புகுந்ததைப் போல அது கண்ணில் பட்டது.

"இந்தப் பன்னிரண்டு நாள் யாரு?"

ஸ்டோர் பெண் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் முதல் தடவையாக இளகியது. "அவர் லீவுல வந்திருந்தார். உயரமான ஆளு, மெதுவாத்தான் நடப்பார். அக்கா, அது எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?"

"அதுக்கப்புறம் ஒன்பது நாள் ஒண்ணுமே இல்லையே."

"ஆஸ்பத்திரி. இவளுக்கு நெஞ்சுச் சளி. குழந்தை வார்டுக்குள்ள போன் விட மாட்டாங்க." குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அங்கயும் நடந்தேன். அது கணக்குல வரல."

சிவப்புப் பேனா கைபேசியை மூடினாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படி அக்கா? அழுற பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தேன்னு மடிப்பு மேசை முன்னாடி நின்னு சாட்சி சொல்லணுமா? எட்டுப் பேர் சாப்பிட்டுக்கிட்டே கேப்பாங்களா?"

"தப்பு எம் பேர்ல" என்றாள். அச்சகத்தில் பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. "எல்லார் முன்னாடியும் கேட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள் ஸ்டோர் பெண். வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மடிப்பு மேசை முன்னால் நின்று அவள் சொன்னாள். இரண்டே வரி. பைண்டர் அண்ணன் கை தட்டப் போய், அவள் பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டார்.

ஆனால் ஊஞ்சல் இல்லை என்பது ஒன்று. ஆறில் ஓர் இடம் என்பது வேறு. கல்லாமை நேர்மையாக வளர்ந்ததுதான். அதற்குச் சண்டை தெரியுமா? அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஸ்டோரில் காகிதக்கட்டுகள் மேல் உட்கார்ந்து பயிற்சிச் சண்டை விட்டுப் பார்த்தார்கள். களத்தில் இறங்கியதும் எதிரே ஓநாயைப் பார்த்த கல்லாமை, திரையில் 'மிரண்டது' என்று எழுத்து வர, ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. இரண்டாம் சண்டையிலும் மிரண்டது. மூன்றாவதிலும்.

"போச்சுடா" என்றார் பைண்டர் அண்ணன். "பேருக்கேத்த பிள்ளை. ஒண்ணும் கல்லாதது. பேசாம என் பெருச்சாளியை இந்தப் பொண்ணு போனுக்கு மாத்திப் போடலாம். அது கடிக்கவாவது கடிக்கும்."

"நீ என்ன சொல்ற?" என்று ஸ்டோர் பெண்ணைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அக்கா. சண்டைக்கு வருமான்னு நீங்க முதல்லயே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

சிவப்புப் பேனா இப்போது தன்னையே சந்தேகப்பட்டாள். மனசு உறுத்துவதால் அந்த ஆமைக்கு இடம் கொடுக்கப் பார்க்கிறோமா? செய்த தப்புக்கு ஈடாக ஆறாவது இடத்தைத் தூக்கிக் கொடுத்தால் அது அணிக்குச் செய்கிற துரோகமில்லையா? பைண்டர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கும்வரை மூன்று சண்டைகளின் பதிவையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். மிரண்ட பூதங்கள் வழக்கமாகக் களத்தை விட்டு ஓடிவிடும். இது ஓடவில்லை. ஓட்டுக்குள் போனது, அங்கேயே இருந்தது. அவளுடைய ஓநாய் அதைக் கீழே தள்ள முதல் தடவை பதினொரு சுற்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் தடவை பன்னிரண்டு. பெருச்சாளி இரண்டு சுற்றுக்குத் தாங்காது.

"அண்ணே, உங்க கோந்துச் சிலந்தி கடிச்சா விஷம் எத்தனை சுற்று ஏறும்?"

"அது பாட்டுக்கு ஏறும். எதிராளி சாகற வரைக்கும் சுற்றுக்கு இருபது புள்ளி. ஆனா அதுவரைக்கும் யாரு எதிர்ல நிக்கறது?"

அவள் ஸ்டோர் பெண்ணைப் பார்த்தாள். ஸ்டோர் பெண் கைபேசியைப் பார்த்தாள். பைண்டர் அண்ணன் மெதுவாக வாயைத் திறந்து, "அடேங்கப்பா" என்றார்.

கல்லாமையின் பெயரைத் தலைவி தன் பேனாவாலேயே ஆறாவது வரியில் எழுதினாள்.

சனிக்கிழமை உள்விளையாட்டு அரங்கில் பதினாறு அணி. முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம் நடுவர் ஒருவர் அவர்கள் மேசைக்கு வந்தார்.

"உங்க கல்லாமை கணினியில சிவப்புக் கொடி காட்டுது. ஐம்பத்தெட்டு லட்சம் அடி, ஒரே இடத்துல. எங்க நடந்தீங்க?"

"வீட்டுல" என்றாள் ஸ்டோர் பெண்.

"வீட்டுக்குள்ளயா?"

அந்த இரண்டாவது கேள்வியின் இழுப்பு, ஒரு புருவம் ஏறுவது, எல்லாம் சிவப்புப் பேனாவுக்குத் தெரிந்த சமாசாரம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டதைப் போல இருந்தது. பக்கத்து மேசைகள் திரும்பின. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அரங்கம், பின்னுக்குத் தள்ளிய நாற்காலிகள், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் எழுந்து நின்றாள்.

"தம்பி, அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க. தலைவி நான், என்னைக் கேளுங்க. உங்களைவிட ரெண்டு மடங்கு சந்தேகப்பட்டவ நான். உக்காருங்க, காட்டறேன்."

நடுவர் உட்காரவில்லை. அவளும் விடவில்லை. நடைப் பதிவைத் திறந்து மாதம் மாதமாகக் காட்டினாள். நிறுத்தங்களைக் காட்டினாள். பிள்ளை கனத்ததால் குறைந்த வேகத்தைக் காட்டினாள். "இந்தப் பன்னிரண்டு நாள் வேற ஆள். இந்த ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. எந்த மோட்டார் தம்பி மாசாமாசம் களைச்சுப்போகும்? எந்த மோட்டாருக்கு நெஞ்சுச் சளி வரும்?" பிள்ளையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடுவர் போய் இன்னொரு நடுவரைக் கூட்டிவந்தார். இருவரும் கால் மணி நேரம் எண்களைப் பார்த்தார்கள். கடைசியில் "சரி, ஆடுங்க" என்றார்கள். இளையவர் அதற்குப் பிறகும் அவர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் சுற்றில் எதிரணி சொத்தை. கல்லாமை இறங்காமலே முடிந்தது. இரண்டாம் சுற்று ஒரு சலவைக்கூடத்து அணியோடு. மற்ற ஐந்து பூதங்களும் விழுந்த பிறகு அவர்கள் கடைசியாக ஒரு தீநாகத்தை இறக்கினார்கள். அது பைண்டர் அண்ணனின் இரண்டு பூதங்களையும் எரித்தது. ஆனால் சாகும் முன் சிலந்தி ஒரு கடி கடித்துவிட்டது. ஸ்டோர் பெண்ணின் சின்னப் பறவை ஒரே மூச்சில் போனது. சிவப்புப் பேனாவின் முதல் பூதமும் போனது. ஓநாய் இறங்கியது. நாலே சுற்றில் அதன் உயிர்ப்புள்ளி ஐம்பதுக்கு வந்தது. அடுத்த அடியில் விழும்.

அவள் கட்டைவிரல் பழக்கத்தில் திரையின் ஓரத்துக்குப் போனது. இணையத்தைத் துண்டித்தால் சண்டை ரத்து. மறு ஆட்டம் கேட்கலாம். ஸ்டோர் பெண் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தோன்றியது. நிஜமாகவே பார்த்தாளோ இல்லையோ. விரலை எடுத்துக்கொண்டாள். ஓநாய் விழுந்தது. திரையில் அதன் பெயருக்குக் கீழே 'தோல்வி: 1' என்று எழுத்து வந்தது. உலகம் இடிந்துவிடவில்லை.

மிச்சம் கல்லாமை. இறங்கியது, தீநாகத்தைப் பார்த்தது, மிரண்டது, ஓட்டுக்குள் போனது. சலவைக்கூடத்துக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தீநாகம் நெருப்பைக் கக்கியது. எழுபது புள்ளி போனது. மறுபடி கக்கியது. ஐந்தாம் சுற்றில் சிரிப்பு நின்றது, ஏனென்றால் சுற்றுக்கு இருபதாக விஷமும் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் சுற்றில் எதிரணித் தலைவர் எழுந்து நின்றுகொண்டே திரையைத் தட்டினார்.

பன்னிரண்டாம் சுற்றில் கல்லாமைக்கு அறுபது புள்ளிதான் மிச்சம். ஆனால் அடுத்த அடி விழவில்லை. தீநாகம் தலையைத் தூக்கியது, தள்ளாடியது, சாய்ந்தது. ஓட்டுக்குள்ளிருந்து கல்லாமை ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது.

பைண்டர் அண்ணன் போட்ட கூச்சலில் நடுவர் அவரை எச்சரிக்க வேண்டியிருந்தது.

அரையிறுதியில் பேருந்துப் பணிமனை அணி வந்தது. அவர்கள் இந்தச் சண்டையைப் பார்த்துத் தயாராக இருந்தார்கள்; ஓட்டைத் துளைக்கிற பூதம் ஒன்றை முதலிலேயே இறக்கினார்கள். கல்லாமை மூன்று சுற்றில் விழுந்தது. அணியும் தோற்றது. யார் மேலும் குறை சொல்ல ஏதுமில்லாத, சுத்தமான தோல்வி. மூன்றாம் இடம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். சிவப்புப் பேனா அதில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்து, திருத்தித் தரச் சொல்லிவிட்டாள்.

வெயில் சாய்ந்திருந்தது. நிறுத்தத்தில் நின்றபோது ஸ்டோர் பெண் கொஞ்சம் தள்ளிப் போய்த் தன் கணவரைக் கைபேசியில் கூப்பிட்டாள். அங்கே அவருக்கு வேலை இடைவேளை போலிருக்கிறது. "ஜெயிச்சதுங்க. இல்ல, கடைசில தோத்துடுச்சு. இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். காற்று பாதியைத்தான் கொண்டுவந்தது. "எங்க தலைவிங்க..." என்று ஒரு வாக்கியம் தொடங்கிப் போக்குவரத்துச் சத்தத்தில் மறைந்தது. என்ன சொல்லியிருப்பாள்?

பேருந்து வந்து நின்றது. பைண்டர் அண்ணன் ஏறி இடம் பிடித்துவிட்டார். சிவப்புப் பேனா படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, ஏறுறீங்களா இறங்குறீங்களா?" என்று கத்தினார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். "எங்க ஆள் ஒருத்தி பேசிட்டிருக்கா. முடிச்சுட்டு வருவா."